விரத வீட்டில் மிமியும் குட்டிகளும்

நாய்க்குச் சோறு போட ஓர் ஆள், அந்த ஆளுக்கு ஒரு சம்பளமா என்று உங்கள் வீட்டில் கேட்டிருப்பார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். கேட்டவர்களை ஒரு பெக்கினீஸ் நாய்க்கு ஒரே ஒரு வேளை சோறு வைத்துப் பார்க்கச் சொன்னேன். அது தட்டை முகர்ந்தது, அவர்கள் முகத்தைப் பார்த்தது, பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

நாய்களைப் பார்த்துக்கொள்கிற இந்த இடத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பெண்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று முதலாளியம்மா கேட்டார். என் எழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். பரவாயில்லை, கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு படியுங்கள். குளிப்பாட்டுவது, ரோமம் சீவுவது, நகம் வெட்டுவது எல்லாம் மற்றவர்கள் காட்டித் தருவார்கள். நான் தீனியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சின்ன ஜாதி நாயின் தீனியைப் பற்றி மலாக்காவில் என்னைக் கேட்காமல் யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

இப்போது தீனி மூட்டையில் வருகிறது. மூட்டையின் மேல் ஒரு நாய் சிரித்துக்கொண்டிருக்கும். அந்தச் சிரிப்பை நம்பாதீர்கள். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். முதலில் எழுதியிருப்பது இறைச்சியா, மாவா? முதலில் இருப்பதுதான் உள்ளே அதிகம். நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் நாய் தின்று முடித்துவிடும் என்பதால் எனக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள். கேட்டுக்கொள்வேன். கேட்டுவிட்டு நாயைத்தான் பார்ப்பேன். கண்ணில் பளபளப்பு இருக்கிறதா, ரோமம் படிந்து கிடக்கிறதா, மறுநாள் காலையில் அது போட்டுவிட்டுப் போனது கெட்டியாக இருக்கிறதா? மூக்கைப் பொத்திக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது, பெண்களே.

சரி, மிமியின் கதைக்கு வருகிறேன்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த அடுத்த வருஷம். கிளேபாங்கில் கடலைப் பார்த்த ஒரு பங்களாவில், ஒரு துரைசானியிடம் நான் வேலையில் இருந்தேன். நாடு நம் கைக்கு வந்துவிட்டதால் அவருடைய துரைக்கு இங்கே வேலை முடிந்திருந்தது. வீட்டில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். அடுப்பைக்கூட விற்றாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் துரைசானியின் செல்ல நாய் மிமி நாலு குட்டி போட்டது. மிமி என்றால் ஒரு தலையணை அளவுதான் இருக்கும். மூக்கு உள்ளே போய், கண் வெளியே வந்து, எந்நேரமும் யார் மேலோ கோபமாக இருப்பது போல ஒரு முகம்.

குட்டிகள் கண் திறந்து தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்த சமயம், துரைசானி கப்பல் ஏற்பாடு செய்யச் சிங்கப்பூர் போக வேண்டி வந்தது. "அஞ்சலை, நான் வந்து பார்க்கும்போது அஞ்சும் இருக்கணும்" என்று மட்டும் சொன்னார். தாயும் நாலு குட்டியும், அஞ்சு. இருக்கும் என்று சொன்னேன். அதற்கு முன்னால் என் கையில் ஒரு குட்டி செத்தது கிடையாது.

அஞ்சையும் கூடையில் வைத்து, பஸ் ஏறி, காஜா பெராங்கில் நான் வாடகைக்கு இருந்த அறைக்குக் கொண்டுவந்தேன். கம்போங் செட்டியில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டு அது. வீட்டுக்காரம்மா, மலாக்காவிலேயே பல தலைமுறையாக வாழ்கிற செட்டிகளில் ஓர் அம்மாள். வயதான பெண்களை அவர்கள் பீபிக் என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். கெபாயாச் சட்டை, சாரோங், கொண்டையில் ஊசி, நெற்றியில் திருநீறு. பேச்சு மலாய்தான், சாமி, பூஜை, விரதம் என்பது மாதிரி நாலைந்து வார்த்தைகள் மட்டும் நம்முடையவை. அவர் பேசியதை நம் பேச்சில் மாற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நாயா, என் வீட்டிலா என்று முதல் நாள் குதித்தார். மறுநாள் பார்த்தால் குட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றிலும் சின்னதாக, ஓர் எலுமிச்சம்பழத்துக்குக் கால் முளைத்தது போல இருந்த குட்டிக்குக் கெச்சில் என்று பெயரும் வைத்துவிட்டார். மலாயில் சின்னது என்று அர்த்தம். அது நாலில் கடைசி, பலத்திலும் கடைசி. துரைசானி சொன்ன அஞ்சு அஞ்சாகவே இருக்குமா என்பது அந்த எலுமிச்சம்பழத்தின் கையில்தான் இருந்தது.

அந்த வாரம் அம்மன் கோயிலில் கொடி ஏறியது. பீபிக் வீட்டில் பாத்திரம் பண்டம் எல்லாம் சாம்பல் போட்டுத் தேய்த்து, வாசலில் மாவிலை கட்டி, மீன், இறைச்சி, முட்டை எதுவும் உள்ளே வரக் கூடாது என்று ஆயிற்று. எனக்கும் விரதம்தான். என் மகனுக்கு அம்மை போட்டுத் தேறியதற்குப் பால்குடம் நேர்ந்திருந்தேன். ஆகவே நான் மீனைத் தொடவும் கூடாது, முகரவும் கூடாது.

மிமிக்காகத் துரைசானி கொடுத்துவிட்டுப் போன இறைச்சி டின்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. ஊருக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் மலிவாக விற்றுவிட்டுப் போனவை. திறப்பதற்கு முன்பே எடுத்துப் பார்த்தேன். மேல் தகடு உப்பி, பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி இருந்தது. ஒன்றல்ல, அத்தனையும். உப்பிய டின்னைத் திறந்து பார்க்கலாமா என்று நினைக்கவே நினைக்காதீர்கள். குழி வெட்டிப் புதைத்துவிட்டேன். பீபிக்கின் வேலியை ஒட்டி, அவர் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில்.

நான் பகலில் கிளேபாங் போய்ச் சாமான் கட்டுகிறவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மிமிக்கு மதியச் சோறு பீபிக் பொறுப்பு. மீன் கடைப் பக்கம் மிமியைக் கூட்டிப்போய், கடைக்காரர் கையாலேயே நாலு வாய் வைக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். அவர் தலையை ஆட்டினார். அவர் தலை ஆட்டினால் சரி என்று அர்த்தம் இல்லை, நீ சொன்னது காதில் விழுந்தது என்று மட்டும்தான் அர்த்தம். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

சில நாளில் மிமி இளைத்தது. குட்டிகள் முலையை இழுத்து இழுத்துக் கத்தின. கெச்சில் கத்தக்கூட இல்லை. காலையில் மிமி போட்டதைப் பார்த்தேன், தண்ணீராக இருந்தது. சட்டியை எடுத்து முகர்ந்தேன். தேங்காய்ப்பால், பச்சைப்பயறு, பனைவெல்லம், பண்டான் இலை. ஒரு மாப்பிள்ளைக்குப் போடுகிற மாதிரி கஞ்சி.

"பீபிக், மிமிக்கு என்ன போடுறீங்க?"

"விரதக் கஞ்சி. சட்டிய நக்கி நக்கிச் சாப்பிடுது பாவம். நல்ல ஆத்மா."

"மீனு?"

"அலாமாக்! என் வீட்டுல கொடி ஏறியிருக்கு. இந்த வீட்டுல மூச்சு விடுற எல்லாத்துக்கும் விரதம். நாய்க்கும்தான், பூனைக்கும்தான். சுவத்துல பாரு, பல்லிகூட விரதம்."

சுவரில் ஒரு பல்லி இருந்தது. அதன் வாயிலிருந்து ஒரு பூச்சியின் இறகு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"பல்லி பூச்சி தின்னுது பீபிக்."

அவர் சுவருக்குக் கிட்டே போய்ப் பல்லியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அது வெளிய போய்த் தின்னுட்டு வந்திருக்கு."

அடக்கிக்கொள்ள முடியாமல் சிரித்துவிட்டேன். அவரும் சிரிக்கப் பார்த்து, விரதத்தில் சிரிக்கலாமா என்று யோசித்து, நிறுத்திக்கொண்டார். அந்த அம்மாள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தனக்குக் கிடைக்கிற புண்ணியத்தில் மிமிக்கும் ஒரு பங்கு வாங்கித் தரப் பார்த்தார். உங்களிடமும் வருவார்கள். என் நாய் சைவம், என் நாய் நான் சாப்பிடுவதைத்தான் சாப்பிடும் என்பார்கள். பிரியத்தில்தான் சொல்வார்கள். பிரியத்தோடு சண்டை போடாதீர்கள், ஜெயிக்க முடியாது. அதிலேயே ஒரு வாசலைத் தேடுங்கள். பீபிக் எனக்கு வாசலைத் திறந்தே கொடுத்துவிட்டார்.

"அப்ப மிமியும் வெளிய போய்த் தின்னுட்டு வரட்டும்" என்றேன். "வெளியன்னா எது வரைக்கும்?"

பீபிக் படி இறங்கி, வாசலைத் தாண்டி, வீட்டுக்கு முன்னால் ஓடுகிற கால்வாய் வரை நடந்தார். அதன் மேல் ஒரு பலகை போட்டிருந்தது. கையை நீட்டிக் காட்டினார். "இந்தப் பக்கம் என் வீடு. அந்தப் பக்கம் கவர்மெண்டு."

அந்தப் பக்கம் பிரம்பு நாற்காலி செய்கிற ஒரு சீனரின் கொட்டகை இருந்தது. ஒண்டிக்கட்டை. பெயர் அ ஹோக். நான் அவரைத் தவுக்கே என்று கூப்பிடுவேன். முதலாளி என்று அர்த்தம். அவரிடம் வேலை பார்க்க ஓர் ஆள் கூடக் கிடையாது, ஆனாலும் அப்படிக் கூப்பிட்டால் முகம் மலரும். நான் கூடையோடு போய் நின்றேன்.

"தங்காச்சி, இது எலி பிடிக்குமா?"

"எலி இதைப் பிடிக்காம நீங்கதான் பாத்துக்கணும் தவுக்கே."

"குட்டிங்க பிரம்பைக் கடிக்குமா?"

"பல்லு எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

மிமி அவரை முறைத்தது. அவர் மிமியை முறைத்தார். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி முகம். சரி, வைத்துவிட்டுப் போ என்றார்.

அவருக்குச் சமைக்கத் தெரியாது. மூன்று வேளையும் கடையில் விற்கிற மீ நூடுல்ஸ்தான். முதல் நாள் மிமிக்கு உப்புக் கருவாட்டுத் தலையைப் போட வந்தார், கையைத் தட்டிவிட்டேன். உப்புத் தின்றால் தாய் தண்ணீரைக் குடித்துக் குடித்து வயிறு ஊதிப் படுத்துவிடும். மறுநாள் வறுத்த கோழிக் கால். அந்த எலும்பு வாயில் சிலாம்பாக உடையும். பெரிய நாய்க்கே ஆபத்து, இந்த விரல் தடிமன் தொண்டைக்குக் கேட்கவே வேண்டாம். அதற்கு அடுத்து, தன் மீயிலிருந்து ஒரு துண்டு வாட்டிய பன்றிக்கறி, சாறோடு, மிளகாயோடு. அதை அவர் வாயிலேயே போட்டுக்கொள்ளச் சொன்னேன். இதற்குள் மிமியின் விலா தெரிந்தது.

மீன் வேண்டும். பச்சை மீன், அன்றைக்குப் பிடித்தது. உஜோங் பாசிரிலிருந்து மீன்காரர் சைக்கிளில் வருவார். வந்து கொட்டகை முன்னால் நின்றார். தவுக்கே எழுந்து போய்க் கையில் கிடைத்ததை எடுத்தார். நான் விரதக்காரி, பலகைக்கு இந்தப் பக்கம் நின்று கையைப் பிசைந்தேன்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு கத்தல்.

"கண்ணைப் பாரு! மீன் கண்ணைப் பாரு! அது செத்து எத்தனை நாளாச்சு!"

பீபிக். மாவிலைத் தோரணத்துக்குக் கீழே, சாரோங்கைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார். செட்டி அம்மாளுக்கு மீன் விஷயத்தில் பொறுக்குமா? அதைச் சமைப்பதில்தான் அவருக்கு ஊரில் பெயர். வேகமாகக் கால்வாய் ஓரத்துக்கு வந்தார்.

"செவுளைத் தூக்கு. சிவப்பா, காவியா?"

"சிவப்பு பீபிக்" என்றார் தவுக்கே.

"மேல தூக்கிக் காட்டு! உன் கண்ணை யார் நம்புறது. ம். வயித்தை அமுக்கு. எழுந்து வருதா?"

"வருது."

"முகந்து பாரு. நான் முகரக் கூடாது. என்ன வாசனை?"

"மீன் வாசனை."

"அடக் கடவுளே! மீன் மீன் வாசனைதான் அடிக்கும். கடல் மாதிரி அடிக்குதா, இந்தக் கால்வாய் மாதிரி அடிக்குதா?"

தவுக்கே மீனை ஒரு முறை, குனிந்து கால்வாயை ஒரு முறை முகர்ந்து பார்த்தார். மீன்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் கூடை சரிந்தது. கடல் மாதிரிதான் என்று தீர்ப்பு வந்தது.

அன்றிலிருந்து இப்படித்தான் நடந்தது. கால்வாய்க்கு இந்தப் பக்கம் மீனைத் தொடக் கூடாத இரண்டு பெண்பிள்ளைகள், அந்தப் பக்கம் சமைக்கத் தெரியாத ஓர் ஆண்பிள்ளை. நாங்கள் வாய், அவர் கை. பிரம்புச் சிலாம்பு உருவுகிற விரல் அவருக்கு. வெந்த மீனை விரலால் தடவித் தடவி ஒரு முள் விடாமல் எடுத்துவிடுவார். உப்புப் போடாதே, வெங்காயம் போடாதே, மஞ்சள் கொஞ்சம் போடலாமா என்று பீபிக் கேட்க, வேண்டாம் என்று நான் சொல்ல, தவுக்கே எங்கள் இரண்டு பேர் வாயையும் பார்த்துக்கொண்டு கரண்டியோடு நிற்பார். மீனோடு குழைந்த சோறு ஒரு பிடி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டை மஞ்சள் கரு, எப்போதாவது கோழி ஈரல் நகக்கண் அளவு. கஞ்சியிலிருந்து மீனுக்கு ஒரே நாளில் மாற்றவில்லை. கஞ்சியைக் குறைத்துக் குறைத்து, மீனைக் கூட்டிக் கூட்டிக் கொண்டுவந்தேன். நீங்களும் ஒரு மூட்டையிலிருந்து இன்னொரு மூட்டைக்குப் போகும்போது அப்படித்தான் போக வேண்டும்.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டைதான். அளவு. பீபிக்குக்கு எதையும் அண்டாவில் போட்டுத்தான் பழக்கம்.

"இவ்ளோதானா போடுறது? பால் எப்படி வரும்?"

"கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி பீபிக். இதுக்கு வயிறு ஒரு சுருக்குப்பை."

"கஞ்சப் பிசினாறி."

"இருக்கட்டும்."

மிமிக்குப் பால் ஊறியது. மூன்று குட்டிகள் உருண்டன. கெச்சில் மட்டும் இடம் பிடிக்க முடியாமல் தள்ளுப்பட்டுத் தள்ளுப்பட்டு ஓரத்துக்கே வந்தது.

ஒரு மத்தியானம் கிளேபாங்கிலிருந்து திரும்பி வருகிறேன், தவுக்கே வாசலிலேயே நிற்கிறார். கையில் கெச்சில். கழுத்து தொங்கிக் கிடந்தது. வாங்கினேன். கால்வாய்த் தண்ணீர் போல ஜில்லென்று இருந்தது. ஈறு வெளுத்திருந்தது.

"முட்டைய வாயில ஊத்து!" இது அந்தப் பக்கத்திலிருந்து பீபிக்.

"மீன் தண்ணி இருக்கு, கொண்டாரட்டுமா?" இது தவுக்கே.

இரண்டு பேரும் நல்லதைத்தான் சொன்னார்கள். பசித்துக் கிடக்கிற குட்டியைப் பார்த்தால் யாருக்கும் கை தீனியைத்தான் தேடும். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். குளிர்ந்து போன குட்டிக்குத் தீனி கொடுக்கக் கூடாது. வயிறு வாங்காது, மூச்சுக்குழலில் போய் அடைக்கும். முதலில் சூடு, அப்புறம்தான் சோறு. எல்லாரும் ஊட்டு ஊட்டு என்று கத்தும்போது ஊட்டாமல் உட்கார்ந்திருப்பதுதான் இந்த வேலையில் கஷ்டமானது.

"ஒருத்தரும் ஒண்ணும் கொண்டார வேணாம்" என்றேன். கொட்டகைக்குள் போய்ப் பிரம்புத் தூளில் உட்கார்ந்தேன்; என் விரதம் அப்போது நினைவிலேயே இல்லை. சேலையை இழுத்து, குட்டியை ரவிக்கைக்குள், நெஞ்சோடு வைத்து மூடிக்கொண்டேன். பீபிக் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றார். தவுக்கே பிரம்பைக் கையில் எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தார். மிமி என் காலடியில் வந்து படுத்துக்கொண்டு என்னையே பார்த்தது. அதன் கோப முகத்தில் அன்றைக்குக் கோபம் இல்லை.

நெஞ்சில் ஏதோ சின்னதாக அசைந்தது. விரல் விட்டுப் பார்த்தேன்; ஜில்லிப்பு போயிருந்தது.

"பீபிக், பனைவெல்லம்! தண்ணியில கரைச்சு, ஒரு கரண்டி!"

வெல்லம் விரதத்துக்கு ஆகும், பீபிக்கே கொண்டுவரலாம். கொண்டும் வந்தார். ஆனால் பலகை மேல் வந்து நின்றுவிட்டார். கொட்டகைக்குள் மீன் சட்டி இருக்கிறது. அவர் கால் முன்னால் போனது, பின்னால் வந்தது.

"சாமி, நான் குளிச்சிக்கிறேன்" என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டு, இறங்கி உள்ளே வந்துவிட்டார். அன்று முழுவதும் அவர் கொட்டகைக்கு வருவதும் போய்க் குளிப்பதுமாக, மாலைக்குள் அவர் கொண்டை காயவே இல்லை.

வெல்லத் தண்ணீரை விரலில் தொட்டுக் கெச்சிலின் ஈறில் தடவினேன். துளிதான். பொறுத்துப் பொறுத்து இன்னொரு துளி. இந்த ஜாதிக் குட்டிகளுக்கு உடம்பில் சேமிப்பு என்று ஒன்று கிடையாது. ஒரு வேளை தவறினால் விளக்கு மாதிரி அணையப் பார்க்கும். அதற்குத்தான் வெல்லம். அது மருந்து, தீனி இல்லை. கஞ்சியில் கொட்டினால் பேதி, ஈறில் தொட்டால் உயிர். நாக்கு வெளியே வந்து என் விரலைத் தேடியதும், மற்ற மூன்றையும் ஒதுக்கிவிட்டு மிமியிடம் விட்டேன். முட்டி முட்டிக் குடித்தது. அன்றிலிருந்து முதல் பால் அதற்கு, மற்றவை அப்புறம். சில நாளில் தவுக்கேயின் கட்டைவிரலில் மீன் மசியலைத் தடவி நீட்டினால் நக்கிவிட்டு விரலையே கடித்தது. பல் இருக்கிறது தங்காச்சி, பல் இருக்கிறது என்று அவர் தெருவுக்கே காட்டினார்.

துரைசானி வந்தார், அஞ்சையும் எண்ணினார், என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அதெல்லாம் இருக்கட்டும். நான் சொல்ல வேண்டியது அதற்கு முந்தின நாள் நடந்தது.

நான் பால்குடம் எடுத்தாயிற்று. கோயிலில் கொடி இறங்கி விரதம் முடிந்தது. பீபிக் வீட்டு அடுப்பில் மருமகள்கள் புளி கரைத்து மீன் குழம்பு கொதிக்கவிட்டிருந்தார்கள். வாசனை கோயில் வரை வந்தது. முதல் வாய் மாமியாருக்கு என்று தட்டும் கையுமாக நின்றார்கள். பீபிக் அவர்களைத் தாண்டி நடந்தார். படி இறங்கினார். பலகையைக் கடந்தார். கொட்டகையில் மிமியின் சட்டி இறக்கி வைத்திருந்தது. குனிந்து, விரலை விட்டு, ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

தவுக்கே பதறிப்போனார். "பீபிக்! அது நாய்க்கு!"

"தெரியும்." கண்ணை மூடி மென்றார். விழுங்கினார். "முள் இல்ல. உப்பு இல்ல. மீன் புதுசு. நல்லாத்தான் சமைச்சிருக்கு."

தவுக்கேயின் முகம் மலர்ந்தது. "நான் சமைச்சது பீபிக்."

"வாயை மூடு. கைதான் உன்னுது. சமைச்சது நான்."

"அடுப்பு யாரு மூட்டினது?"

"செவுளு யாரு பார்த்தது?"

அவர்கள் அப்படி வழக்காடிக்கொண்டிருக்கும்போது, காலுக்கடியில் நாலும் சட்டிக்கு முட்டிமோதிக்கொண்டு வந்தன. முதல் ஆளாக வந்தது கெச்சில். முழுச் சட்டியும் தனக்கே என்று அதற்குள் இறங்கியேவிட்டது. நான் அதைத் தூக்கி வெளியே விட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் அளவு வைத்துவிட்டு, மிச்சத்தைப் பரண் மேல் எடுத்து வைத்தேன்.

கெச்சில் என்னை அண்ணாந்து பார்த்துக் குரைத்தது. அந்த உடம்பில் அவ்வளவு பெரிய சத்தம் எங்கே இருந்ததோ, சண்டை போட்டவர்கள் இரண்டு பேரும் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பசிக்குதாம், இன்னும் கொஞ்சம் போடேன்" என்றார் பீபிக்.

"போட மாட்டேன்" என்றேன்.